அத்தை வீட்டு மாங்கொட்டை

ஓசூரில் என் அத்தை வீட்டுப் புழக்கடையில் ஒரு மாமரம் நின்றது. அதற்குப் பெயர் கிடையாது. மல்கோவா, நீலம், பங்கனப்பள்ளி, செந்தூரா என்று உலகத்து மாமரங்களுக்கு எத்தனையோ பெயர்கள் உண்டு. இந்த மரம் என்ன ஜாதி என்று யாராவது கேட்டால் மட்டும் அத்தை, "அது நம்ம வீட்டு மரம்" என்று சொல்லிப் பேச்சை நிறுத்திவிடுவாள்.

அது பிறந்த கதை மிகவும் எளிது. 1977-ஆம் வருஷம் கோடையில் உறவினர் ஒருவர் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கூடை மல்கோவா கொண்டுவந்தார். வைக்கோல் பரப்பிய கூடை. வீட்டில் எட்டுப் பேர். இரண்டு நாளில் கூடை காலியாகிவிட்டது. பழத்தை அறுத்த பிறகு கொட்டை யாருக்கு என்பதில் குழந்தைகளுக்குள் ஒரு யுத்தம் நடக்கும். அந்த யுத்தத்தில் தோற்றவன் என்ற முறையில் எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. சப்பி முடித்த கொட்டைகளைப் பாத்திரம் துலக்கும் கல்லுக்குப் பக்கத்தில் சாம்பல் குவியலின் மேல் அத்தை போட்டாள். ஆடி மாதம் பார்த்தபோது அங்கே செம்பு நிறத்தில் நாலைந்து இலைகளோடு ஒரு கன்று நின்றது.

"நான் எங்கே நட்டேன்? தின்னுட்டுப் போட்ட கொட்டை. அது பாட்டுக்கு வந்துச்சு" என்பாள் அத்தை.

மாமா பள்ளிக்கூட வாத்தியார். எதையும் திருத்தாமல் அவரால் இருக்க முடியாது. "வந்ததைப் பிடுங்காமல் விட்டாய் அல்லவா? அதற்குத்தான் நடுவது என்று பெயர்" என்பார்.

எட்டு வருஷம் காத்திருந்தோம். வீட்டில் எல்லோரும் அதை மல்கோவா மரம் என்றே சொல்லி வந்தார்கள். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் முன்கூட்டியே பழம் வாக்களித்தாகிவிட்டது. 1985-இல் முதல் காய்ப்பு. மல்கோவா என்றால் உருண்டையாக, கனமாக, கைக்கு அடங்காமல் இருக்க வேண்டும். இது கைக்குள் அடங்கியது. நுனியில் சின்ன மூக்கு. பழுத்த பிறகும் தோல் பச்சை நிறம் மாறவில்லை. அத்தைக்கு முகம் வாடிவிட்டது. "மல்கோவா போட்டேன், என்னமோ வந்து நிக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒன்றை அறுத்தாள். வீடு முழுவதும் ஒரு வாசனை பரவிற்று. பச்சைக் கற்பூரமும் தேனும் கலந்தாற்போல் என்று சொல்லலாம். ஆனால் அதுவும் சரியில்லை. நாரே இல்லாத சதை. இனிப்புக்கு அடியில் மெல்லிய புளிப்பு. ஒருவரும் பேசவில்லை. பக்கத்து வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் கன்னடம், எதிர்வீட்டில் உருது. ஓசூரில் இது விசேஷம் அல்ல. அன்று மாலைக்குள் மூன்று பாஷைகளிலும் அந்தப் பழத்துக்குப் புகழ்மாலை வந்து சேர்ந்தது.

மல்கோவாக் கொட்டையிலிருந்து மல்கோவா ஏன் வரவில்லை? இந்தக் கேள்வியை மாமா கேட்டார். பதில் தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று. மாம்பூவுக்குத் தூது போவது பெரும்பாலும் ஈக்கள். ஈக்களுக்குக் குலம் கோத்திரம் தெரியாது. எந்தத் தோப்பிலோ காலில் ஒட்டிய மகரந்தத்தை இங்கே வந்து உதறிவிட்டுப் போகும். பழம் தாயுடையது, தோலும் சதையும் ருசியும் தாய் மரத்தின் சொத்து. உள்ளே இருக்கும் பருப்பு மட்டும் தாயும் முகம் தெரியாத தகப்பனும் சேர்ந்து செய்த புதுப் பிறவி. ஆகையால் நாம் தின்பது ஒரு ஜாதி, முளைப்பது வேறு ஜாதி.

இதற்கு விலக்கு உண்டு. மலையாளக் கரையோரத்தில் சில மாவகைகள் இருக்கின்றன. ஒலூர், குருக்கன், சந்திரகாரன் என்று பெயர். அவற்றின் ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளைகள் கிளம்பும். அவற்றில் பெரும்பாலானவை ஈயின் உதவி இல்லாமல் தாயின் திசுவிலிருந்தே உண்டானவை. தாயை அப்படியே உரித்து வைத்தாற்போல் இருக்கும். நம் பக்கத்து மல்கோவாவுக்கும் நீலத்துக்கும் கிளிமூக்குக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. ஒரு கொட்டை, ஒரு முளை, ஒரு சூதாட்டம்.

இந்தச் சூதாட்டத்தில் மனிதர்கள் பெரும்பாலும் தோற்றார்கள் என்பதுதான் உண்மை. அக்பர் பாதுஷா தர்பங்காவில் லட்சம் மாமரம் வைத்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அதைப் படிக்கும்போது நாம் ஒரே மாதிரியான லட்சம் மரங்களை மனத்தில் கற்பனை செய்துகொள்கிறோம். அந்தக் காலத்துப் பெருந்தோப்புகள் பெரும்பாலும் கொட்டை மரங்கள். லட்சம் மரம் என்றால் லட்சம் ருசி. அவற்றில் நாராய்ப் போனது எத்தனை, புளித்துப் போனது எத்தனை, அணிலுக்கு மட்டும் பிடித்தது எத்தனை! எங்கோ ஒரு மரம் மட்டும் தேனாக இருந்திருக்கும். அதன் கீழே காவல் போட்டிருப்பார்கள். அந்த மரம் பட்டுப்போனால் அந்த ருசியும் பூமியிலிருந்து போய்விடும். கொட்டையை எடுத்து வைத்துப் பிரயோஜனம் இல்லை.

ஒட்டுக் கட்டும் வித்தை பரவிய பிறகுதான் ஒரு மரத்தின் ருசிக்கு மரத்தைவிட நீண்ட ஆயுள் கிடைத்தது. மேற்குக் கரையில் மாமரத்துக்கு இந்த வித்தையைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர் என்பார்கள். அவர்கள் கோவாவைப் பிடித்தது 1510-இல். பிடித்த தளபதி அல்போன்சோ தெ அல்புகெர்க்கின் பெயர்தான் இன்றும் அல்போன்சாவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கார்சியா தா ஓர்ட்டா என்ற வைத்தியர் 1563-இல் கோவாவிலேயே அச்சான தம் புத்தகத்தில் நம் மூலிகைகளோடு மாம்பழத்தைப் பற்றியும் எழுதினார். தளபதியின் பீரங்கிகள் துருப்பிடித்துவிட்டன. யாரோ தின்று போட்ட கொட்டையிலிருந்து வந்த மரம் மட்டும் அவன் பெயரைத் தாங்கி வருஷா வருஷம் பழுக்கிறது. சரித்திரம் சில சமயம் இப்படித் தமாஷ் செய்யும்.

வடக்கே தசேரி மாம்பழம் பெயர் போனது. லட்சுமணபுரிக்குப் பக்கத்தில், காக்கோரி அருகே, தசேரி என்ற கிராமத்தில் அதன் தாய் மரம் இருக்கிறது. தேசம் முழுவதும் உள்ள தசேரி மரங்கள் அனைத்தும் அந்த ஒரே மரத்தின் கிளைகள்; வேர் மட்டும் இரவல். அந்தத் தாய் மரத்தின் தாய் எது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. அதுவும் யாரோ எறிந்த கொட்டைதான். நம் தெற்கத்தி நீலத்தையும் இந்தத் தசேரியையும் டில்லியில் விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் கலந்து, 1970-களின் தொடக்கத்தில் மல்லிகா, ஆம்ரபாலி என்று இரண்டு பெண்களைப் பெற்றார்கள். அது ஈ செய்த வேலையை மனிதன் கணக்குப் போட்டுச் செய்தது.

இதெல்லாம் இருக்கட்டும். அத்தை வீட்டுக் கதைக்கு நேர் உடன்பிறப்பான கதை ஒன்று சுமார் பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அமெரிக்காவின் ஃப்ளாரிடாவில் நடந்திருக்கிறது. 1889-இல் இந்தியாவிலிருந்து ஒட்டு மாங்கன்றுகள் அங்கே போயின. எல்பிரிட்ஜ் கேல் என்ற ஓய்வு பெற்ற பேராசிரியர் வைத்து வளர்த்தார். கடுங்குளிர் வந்து கன்றுகளைத் தின்றுவிட்டது. ஒன்று மட்டும் தப்பிற்று. அது 1898-இல் காய்த்தது. அதன் பெயர் 'மல்கோபா'. நம் மல்கோவாதான் அமெரிக்கர் வாயில் அப்படி ஆகிவிட்டது.

1902-இல் கேலிடமிருந்து நாலு டஜன் பழம் வாங்கியவர் ஜான் ஹேடன் என்ற ஓய்வு பெற்ற ராணுவக் காப்டன். பழத்தைத் தின்றார், கொட்டைகளைத் தம் தோட்டத்தில் ஊன்றினார். மறு வருஷமே காலமாகிவிட்டார். கன்றுகளை வளர்த்தவள் அவர் மனைவி ஃப்ளாரன்ஸ். 1910-இல் அவற்றுள் ஒரு மரம் காய்த்தது. மல்கோவா மாதிரி இல்லை. சிவப்பும் மஞ்சளுமாய், சாயம் பூசினாற்போல் ஜொலித்தது. தகப்பன் யார் என்பது வெகு காலம் கழித்து மரபணுப் பரிசோதனையில்தான் தெரிந்தது. டர்பன்டைன் என்று அழைக்கப்படும், நார் நிறைந்த, பிசின் வாசனை அடிக்கும் நாட்டு மாமரம் ஒன்று! அந்தப் பழம் 'ஹேடன்' என்று பெயர் பெற்றது. அதன் கொட்டையிலிருந்து பிற்பாடு முளைத்தது 'டாமி அட்கின்ஸ்'. ருசி போதாது என்று ஃப்ளாரிடாவின் மா ரசிகர்கள் அதை முதலில் ஒதுக்கினார்கள். இன்று அமெரிக்க, ஐரோப்பியக் கடைகளில் மாம்பழம் என்றால் பெரும்பாலும் அதுதான். அழுகாது, நசுங்காது, நிறம் அழகு. நானும் ஒரு முறை தின்று பார்த்தேன். நம் மல்கோவாவின் பேரன் என்ற பாசத்தினால் அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் விடுகிறேன்.

காப்டன் மனைவியும் என் அத்தையும் செய்தது ஒரே காரியம். ஒருத்தியின் மரம் உலகம் சுற்றிற்று. இன்னொருத்தியின் மரம் பாத்திரம் துலக்கும் கல்லோரத்திலேயே நின்றுவிட்டது.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். 'சேலத்து மாம்பழம்' என்று தமிழ்நாடு முழுவதும் கூவி விற்றார்களே, அதில் நியாயமாகக் கிருஷ்ணகிரிக்குப் பெரிய பங்கு உண்டு. 1965 வரைக்கும் கிருஷ்ணகிரி, ஓசூர், தர்மபுரி எல்லாம் சேலம் ஜில்லாதான். பழம் விளைந்தது இங்கே. பெயர் போனது அங்கே. 1965-இல் தர்மபுரி ஜில்லா பிரிந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி ஜில்லா ஆயிற்று. அதற்குள் மாம்பழத்தின் பெயர் சேலத்துக்குப் பட்டா ஆகிவிட்டது.

இன்று கிருஷ்ணகிரியைச் சுற்றி எங்கே பார்த்தாலும் கிளிமூக்குத் தோப்பு. கன்னடக்காரர் 'கிணிமூத்தி' என்பார்கள். வியாபாரிகள் தோத்தாபுரி என்றும் பெங்களூரா என்றும் சொல்வார்கள். மாங்கூழ் ஆலைகளுக்கு இதுதான் தோது. சதை அதிகம், நார் குறைவு, லாரியில் ஏற்றினால் தாங்கும். சீசனில் ஆலை வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். கூழ் டப்பாவில் ஏறிக் கப்பலில் போகும். ஆனால் ஒரே ஜாதியை நம்பி ஒரு ஜில்லாவே இருந்தால் என்ன ஆகும் என்பதையும் இந்தப் பக்கத்து விவசாயிகள் அறிவார்கள். 2025 கோடையில் கிளிமூக்கின் விலை சரிந்தபோது பக்கத்துச் சித்தூர் ஜில்லாவில் வெளி மாநிலத்துக் காய்க்குத் தடை போடுகிற அளவுக்குப் போய்விட்டது. மாங்காய்க்கு எல்லைத் தகராறு வந்தது.

கூழ் போன பிறகு ஆலையில் மிஞ்சுவது கொட்டை. மலை மலையாகக் கொட்டை. எங்கள் அத்தையின் சாம்பல் குவியலை ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கொட்டைகளை நாற்றுப்பண்ணைக்காரர்கள் வாங்கிப் போய் முளைக்க வைக்கிறார்கள். போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் சந்தூர் என்ற ஊர் மாங்கன்றுக்குப் பெயர் பெற்றது. முளைத்த கன்று என்ன ஜாதியாக இருந்தால் என்ன? அதன் தலையை வெட்டிவிட்டு, வேண்டிய ஜாதியின் குச்சியைச் செருகிவிடப் போகிறார்கள். வேர் மட்டும்தான் தேவை. ஆயிரக்கணக்கான புதுப் பிறவிகள், தாங்கள் யார் என்று காட்டுவதற்கு முன்பே தலையை இழந்து, வேறு ஒருவருக்குக் கால்களாகிவிடுகின்றன.

சந்தூருக்கு நான் போனது வேடிக்கை பார்க்க அல்ல. 2016-இல் அத்தையின் மகன், என் அத்தான், புழக்கடையில் வரிசை வீடு கட்டத் தீர்மானித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. 1970-களில் சிப்காட் வந்தது. பிறகு லாரித் தொழிற்சாலை, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை, கைக்கடிகாரத் தொழிற்சாலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நாலா திசையிலிருந்தும் பிழைக்க வந்த பிள்ளைகள் தங்க இடம் இல்லாமல் அலைகிறார்கள். அத்தானும் ஒரு தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர்தான். ஓய்வூதியம் சொற்பம். மாமரம் நிற்கிற இடத்தில் நாலு அறை எழும்பினால் மாத வாடகை வரும். "மரத்தைப் பார்த்துக்கிட்டே சாப்பிட முடியுமா, மாப்பிள்ளை?" என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அத்தைக்கு அப்போது எண்பத்து மூன்று வயது. கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஒரு கொட்டையை எடுத்து எங்கேயாவது போட்டுடலாம் அத்தை" என்றேன், சமாதானமாக.

"எனக்கே சொல்றியா? மல்கோவா போட்டு இது வந்துச்சு. இதைப் போட்டா இதுவா வரும்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இதையே கொண்டுவர வழி இருந்தா பாரு சாமி" என்றாள்.

ஒட்டுக் கட்டுகிற பெரியவர் ஒருவரைச் சந்தூரில் கண்டுபிடித்தேன். அவர் தகப்பனார் காலத்தில் நெருக்கு ஒட்டுத்தான். தாய் மரத்தைச் சுற்றிப் பரண் கட்டி, கன்று இருக்கும் சட்டிகளைப் பரண்மேல் ஏற்றி, இரண்டு தண்டையும் சீவி ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, இரண்டு மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிக் காத்திருப்பார்களாம். இப்போது அவ்வளவு சிரமம் இல்லை. முளைத்துப் பத்துப் பதினைந்து நாளே ஆன, இலை இன்னும் செம்பு நிறம் மாறாத கன்றின் தண்டைப் பிளந்து, ஆப்பு மாதிரி சீவிய குச்சியைச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் சுற்றிவிடுகிறார்கள். ஆனால் குச்சி எடுப்பதற்குப் பக்குவம் உண்டு. மூன்று நாலு மாதம் முற்றிய நுனிக் கிளையாகப் பார்த்து, பத்து நாள் முன்னால் இலையை மட்டும் காம்பு நிற்கும்படி கிள்ளிவிட வேண்டும். அப்போது மொட்டுப் பருத்து உயிர் நுனிக்கு வந்து நிற்கும்.

"மரத்தை எப்ப வெட்டறாங்க?" என்று கேட்டார்.

"ஆவணியிலே கடைக்கால்."

"அப்போ இந்த வாரமே இலையைக் கிள்ளிடுங்க. தள்ளிப்போட்டா ஒண்ணும் கிடைக்காதுங்க."

அத்தானே ஏணி வைத்து ஏறினார். மரத்தை வெட்டத் தீர்மானித்தவர் அதன் நுனிகளை அவ்வளவு ஜாக்கிரதையாகக் கிள்ளியதை நான் கீழே நின்று பார்த்தேன். பத்து நாள் கழித்துப் பன்னிரண்டு குச்சிகளை ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பெரியவர் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தார். பிறகு கன்றுப் பையில் கட்டுவதற்கு அட்டையை எடுத்துக்கொண்டு, "என்ன ரகம் எழுதட்டும்?" என்றார்.

"பெயர் கிடையாது."

"பெயர் இல்லாம கன்று வைக்கறதில்லைங்க. கலந்துபோயிடும்." சற்று யோசித்துவிட்டு 'ஓசூர்' என்று எழுதினார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அத்தைக்குத் திருப்தி இல்லை. "ஓசூர்னா எந்த ஓசூர்? ஊர் இப்போ எம்மாம் பெருசா கெடக்குது! நம்ம வீடுன்னு எழுதச் சொல்லு" என்றாள்.

மரம் வெட்டிய அன்று நான் அங்கே இல்லை. போகாமல் இருந்துவிட்டேன் என்பதுதான் சரி.

பன்னிரண்டில் நாலு பிழைத்தது. ஒன்று தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. ஒன்றை அத்தான் புதுக் கட்டடத்தின் வாசலில், சிமெண்டுத் தொட்டியில் வைத்திருக்கிறார். அறைகளில் குடியிருக்கும் பையன்கள் பல் துலக்கிய தண்ணீரை அதற்குத்தான் ஊற்றுகிறார்கள். ஒன்றைப் பெரியவரே கேட்டு வாங்கிக்கொண்டார். நாலாவது என் வீட்டில். அத்தை 2018-இல் போய்விட்டாள். அடுத்த தை மாதம் என் கன்று பூத்தது. முதல் பூவைக் கிள்ளிவிட வேண்டும், கன்று பலம் பிடிக்கட்டும் என்று பெரியவர் சொல்லியிருந்ததால் கிள்ளினேன். மறு வருஷமும் கிள்ளினேன். 2021-இல் மனம் வரவில்லை, விட்டுவிட்டேன்.

ஐந்து காய் நின்றது. பழுத்த பிறகும் தோல் பச்சையாகவே இருந்தது. பறித்து அரிசிக்குள் இரண்டு நாள் வைத்து, அத்தானைக் கூப்பிட்டு அனுப்பி, அவர் வந்த பிறகு அறுத்தேன். அவர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கொட்டை எனக்கு" என்றார்.

சப்பி முடித்து எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, கொட்டையைத் துளசி மாடத்துக்குப் பின்னால், தண்ணீர் விழுகிற இடத்தில் போட்டார்.